தம்பதியர் வருமான வரி: மூலத்தில் பிடித்தமும் முன்கூட்டிய வரியும்

இந்தியாவில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் முறை இல்லை. ஒவ்வொருவரும் தம் நிரந்தரக் கணக்கு எண்ணில், அதாவது பான் எண்ணில், தனித்தனியே வரி செலுத்துகின்றனர். மூலத்தில் வரி பிடித்தமும் முன்கூட்டிய வரியும் தனித்தனியாகவே கணக்கிடப்படுகின்றன. எனினும், ஒருவர் பணத்தை மற்றவர் பெயரில் முதலீடு செய்தால் வரி ஒருவருக்கும் பிடித்தம் மற்றவருக்கும் சென்றுவிடும். இதை அறியாத குடும்பங்கள் ஆண்டு முடிவில் எதிர்பாராத வரியையும் வட்டியையும் சந்திக்க நேரிடுகிறது.

மரக்காணம் உப்பளங்களின் நிலை

விழுப்புரம் மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள மரக்காணம், தமிழ்நாட்டின் உப்பு உற்பத்தி இடங்களுள் ஒன்று. இங்குள்ள உப்பள நிலங்கள் பெரும்பாலும் மத்திய அரசுக்கு உரியவை. குத்தகைக்கு விடப்பட்டு உப்பு எடுக்கப்படுகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் பாத்திகள் சீராக்கப்பட்டு, கோடை முழுவதும் உற்பத்தி நடைபெறும். பாத்தி கட்டி நீர் பாய்ச்சினாலும் இது வேளாண்மை ஆகாது. கடல்நீரைத் தேக்கி ஆவியாக்கி எடுக்கும் உப்பின் வருமானத்துக்கு வேளாண் வருமான விலக்கு கிடையாது. அது தொழில் வருமானமாகவே கொள்ளப்படும்.

மூலத்தில் வரி பிடித்தம்

பேச்சுவழக்கில் டி.டி.எஸ். எனப்படும் இம்முறையில், பணம் கொடுப்பவரே வரியைப் பிடித்து அரசுக்குச் செலுத்துவார். உப்பள உரிமையாளரின் மனைவி ஆசிரியையாக இருந்தால், சம்பளம் வழங்கும் அலுவலகம் அவருடைய வருமானத்தை மட்டுமே கணக்கில் எடுக்கும். கணவனின் உப்பு வருமானம் அதில் சேராது.

வங்கி வைப்புநிதி வட்டி ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்கப்படும். மூத்த குடிமக்களுக்கு இவ்வரம்பு 1,00,000 ரூபாய். பான் எண் தராவிட்டால் பிடித்தம் 20 சதவீதம். கூட்டுக் கணக்காக இருந்தாலும் முதல் பெயருக்கு உரியவரின் பான் எண்ணிலேயே பிடித்தம் பதிவாகும்.

முன்கூட்டிய வரி

பிடித்தம் போக ஓர் ஆண்டின் வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருக்குமெனத் தெரிந்தால், அதை அந்த ஆண்டிலேயே தவணைகளில் செலுத்த வேண்டும். ஜூன் 15-க்குள் 15 சதவீதமும், செப்டம்பர் 15-க்குள் மொத்தம் 45 சதவீதமும், டிசம்பர் 15-க்குள் 75 சதவீதமும், மார்ச் 15-க்குள் முழுமையும் கட்டப்பட்டிருக்க வேண்டும். தொழில் வருமானம் இல்லாத, 60 வயது நிறைந்த மூத்த குடிமக்களுக்கு இக்கடமை இல்லை.

விற்றுமுதலில் குறிப்பிட்ட சதவீதத்தை இலாபமாகக் கொள்ளும் அனுமான வரிமுறையைத் தேர்ந்தெடுத்த சிறுதொழில் செய்வோர், மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் செலுத்தலாம். மழையைப் பொறுத்து வருமானம் ஏறி இறங்கும் உப்புத் தொழிலுக்கு இது வசதியானது. ஆயினும் பிப்ரவரி, மார்ச்சில் விற்ற உப்பு ஒரு நிதியாண்டிலும், ஏப்ரலுக்குப் பின் விற்றது அடுத்த ஆண்டிலும் சேரும்.

வருமானச் சேர்ப்பு

கணவன் தக்க பதில் மதிப்பின்றித் தன் பணத்தையோ சொத்தையோ மனைவிக்குக் கொடுத்தால், அதிலிருந்து வரும் வருமானம் கணவனின் வருமானத்துடன் சேர்க்கப்படும். மனைவி கொடுத்தாலும் இதே விதிதான். மனைவியின் சொந்தச் சம்பாத்தியம், பெற்றோர் அளித்த சீதனம் ஆகியவற்றின் வருமானம் அவருடையதே. சேர்க்கப்பட்ட வட்டியை மனைவி மீண்டும் முதலீடு செய்தால், அதில் வரும் வருமானமும் அவருடையதாகவே கொள்ளப்படும்.

கணவனுக்கு 20 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ள தொழிலில், தொழில்நுட்பத் தகுதியில்லாத மனைவி பெறும் சம்பளமும் கணவனின் வருமானத்தில் சேரும். இத்தகைய சேர்ப்பு விதிகள் செல்லும் என உச்ச நீதிமன்றம் 1961-இல் பாலாஜி வழக்கில் தீர்ப்பளித்தது.

எடுத்துக்காட்டு

2025–26 நிதியாண்டின் புதிய வரிமுறையில், உப்புத் தொழிலில் ஒருவரின் வருமானம் 12,00,000 ரூபாய் எனக் கொள்வோம். தள்ளுபடியால் அவருக்கு வரி இல்லை. அவர் தம் பணத்தை மனைவி பெயரில் வைப்புநிதியாகப் போட, 2,00,000 ரூபாய் வட்டி வருகிறது. வங்கி மனைவியின் பான் எண்ணில் 20,000 ரூபாய் பிடிக்கிறது.

அந்த வட்டி கணவனுடன் சேர்வதால் அவர் வருமானம் 14,00,000 ரூபாயாகிறது, தள்ளுபடி கிடைக்காது. வரி 90,000 ரூபாய். 4 சதவீத மேல்வரியுடன் 93,600 ரூபாய். வட்டி கணவனுக்கு உரியது என மனைவி வங்கியிடம் அறிவிப்பு கொடுத்தால், பிடித்த 20,000 ரூபாய் அவர் கணக்கில் வரவாகும். மீதி 73,600 ரூபாய்க்கு முன்கூட்டிய வரி கட்ட வேண்டும். அறிவிப்பு இல்லையெனில் பிடித்தம் மனைவி பெயரிலேயே நிற்கும்.

அனுமான வரிமுறையில் உள்ள அவர் 73,600 ரூபாயையும் ஜூலை மாதத்தில்தான் கட்டுகிறார் என்றால், தவணை தவறியதற்கு 736 ரூபாயும், ஏப்ரல் முதல் மாதம் 1 சதவீத வீதம் 2,944 ரூபாயும் வட்டியாகச் சேரும்.

பிற முறைகள்

அமெரிக்காவில் தம்பதியர் வருமானத்தை ஒன்றாக்கிக் கணக்குக் காட்டலாம். இந்தியாவில் கோவா போன்ற, போர்த்துகீசிய சிவில் சட்டம் பொருந்தும் பகுதிகளில் சம்பளம் தவிர்ந்த வருமானம் தம்பதியரிடையே சரிபாதியாகப் பிரிக்கப்பட்டு, இருவரும் தனித்தனியே வரி செலுத்துவர். பட்டயக் கணக்காளர் நிறுவனம் 2025 நிதிநிலை அறிக்கைக்கு முன் விருப்பக் கூட்டு வரிமுறையைப் பரிந்துரைத்தது, அது ஏற்கப்படவில்லை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும், தம்பதியரைத் தனித்தனியே கணக்கிடும் அடிப்படை மாறவில்லை.