கோடைக் கால்பந்து முகாம்: முதல் வாரத்தில் கவனம் தேவை

ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு தமிழ்நாட்டு மைதானங்களில் கோடைகாலப் பயிற்சி முகாம்கள் தொடங்கிவிடுகின்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் முகாம் நடத்துகிறது. அகாடமிகளும் உள்ளூர் கிளப்புகளும் தனியே நடத்துகின்றன. சென்னையிலிருந்து நந்தகுமார் சேகரும், கடலூரிலிருந்து இந்துமதி கதிரேசனும் இந்திய அணியின் சட்டையை அணிந்ததைப் பார்த்த பிள்ளைகள் ஆசையோடு பூட்ஸ் கட்டி வருகிறார்கள். நல்ல ஆசைதான். டிரிப்ளிங், பாஸ், ஷாட் எல்லாவற்றையும் பயிற்சியாளர் சொல்லித் தந்துவிடுவார். ஆனால், ஏப்ரல், மே வெயிலில் வளரும் உடலைக் காப்பதற்குப் பயிற்சியாளரும் பெற்றோரும் சேர்ந்து நிற்க வேண்டும்.

முதல் வாரம் ஏன் ஆபத்தானது?

வெயிலில் ஓடி ஆட உடல் பழகுவதற்குச் சுமார் 10 முதல் 14 நாட்கள் ஆகும். அந்த நாட்களில்தான் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது. வியர்வையோடு வெளியேறும் உப்பு குறைகிறது. நம் ஊர் முகாம்கள் பலவும் இரண்டு, மூன்று வாரங்களில் முடிந்துவிடும். அதாவது, உடல் பழகி முடிப்பதற்குள் முகாமே முடியும் நிலைக்கு வந்துவிடுகிறது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மார்ச் முழுவதும் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இவர்கள். அவர்களை முதல் நாளே இரண்டு மணி நேரம் ஓடவிட்டால் தசையும் தாங்காது, இதயமும் திணறும். முதல் மூன்று, நான்கு நாட்கள் பயிற்சி நேரம் குறைவாகவும் ஓய்வு இடைவேளை கூடுதலாகவும் இருக்கட்டும். பிறகு படிப்படியாகக் கூட்டலாம். தாமதமாக வந்தவர்களைத் தண்டனையாக மைதானத்தைச் சுற்றவைக்கும் பழக்கம் கோடையில் அறவே கூடாது. முகாமுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே காலையில் அரை மணி நேரம் நடப்பதும் மெல்ல ஓடுவதும் நல்ல முன்தயாரிப்பு.

வெயிலும் தண்ணீரும்

2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. அத்தனை சுடாத நாளிலும் கடலோர ஊர்களின் புழுக்கம் ஆபத்தானதே. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. செயற்கைப் புல் விரித்த டர்ஃப் மைதானங்கள் இன்னும் மோசம். நேர் வெயிலில் அவற்றின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டுவதுண்டு.

ஆகவே காலைப் பயிற்சி எட்டு மணிக்குள் முடியட்டும். மாலைப் பயிற்சி வெயில் தாழ்ந்த பிறகு தொடங்கட்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. 9 முதல் 12 வயதுப் பிள்ளைகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லி தண்ணீர் குடிக்கலாம். அதற்கு மேற்பட்ட வயதினருக்கு மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை தேவைப்படலாம். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் குடித்த நீர் போதவில்லை என்று பொருள்.

தண்ணீரோடு நீர்மோர், இளநீர், உப்பும் சர்க்கரையும் சேர்த்த எலுமிச்சைச் சாறு எல்லாம் நல்லவை. ஓஆர்எஸ் வாங்கினால் உலக சுகாதார நிறுவனத்தின் விகிதப்படி தயாரானதா என்று உறையில் பாருங்கள். அதில் குறிப்பிட்ட அளவுத் தண்ணீரில் மட்டுமே கரையுங்கள். கோலா பானங்களும் எனர்ஜி டிரிங்குகளும் மைதானத்துக்கு வேண்டாம்.

வெப்பவாதம்: முதலில் குளிர்வியுங்கள்

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு ஆகியவை உடல் தரும் முன்னெச்சரிக்கை. அந்தப் பிள்ளையை உடனே நிழலில் அமர்த்தி நீர் கொடுங்கள். அன்று மறுபடி ஆட அனுப்பாதீர்கள்.

பேச்சு குழறினால், தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், மயங்கினால் அதை ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பவாதமாகவே கருத வேண்டும். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, மூளை பாதிக்கப்படும் நிலை இது. தோல் வறண்டிருந்தால்தான் வெப்பவாதம் என்று பலர் நம்புகிறார்கள். ஓடி ஆடும்போது வரும் வெப்பவாதத்தில் உடம்பு வியர்த்துக் கொட்டிக்கொண்டும் இருக்கலாம்.

108-க்கு அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா இருக்கக் கூடாது. பூட்ஸையும் மேல்சட்டையையும் கழற்றி, பெரிய தொட்டி இருந்தால் தலை நீருக்கு மேல் இருக்குமாறு பிடித்துக்கொண்டு கழுத்துவரை குளிர்ந்த நீரில் அமர்த்துங்கள். தொட்டி இல்லையென்றால் உடல் முழுதும் நீரை ஊற்றி விசிறுங்கள். ஈரத்துண்டுகளை மாற்றி மாற்றிப் போடுங்கள். நினைவு தெளிவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இந்தச் சில நிமிடங்கள்தான் உயிரைக் காக்கும்.

இருபது நிமிட வார்ம்-அப்

காயங்களைத் தடுக்க ஃபிஃபாவின் மருத்துவக் குழு உருவாக்கிய பயிற்சித் தொகுப்பு ‘11 பிளஸ்’. மெல்லோட்டம், தசை வலு, ஒற்றைக்காலில் சமநிலை, குதித்துச் சரியாகத் தரையிறங்குதல், திசை மாற்றி ஓடுதல் எனச் சுமார் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. சிறுவர்களுக்கென்றே தனித் தொகுப்பும் உண்டு. நான்கு ஐரோப்பிய நாடுகளில் 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், இதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் வீரர்களிடம் இரண்டு, மூன்று மடங்கு அதிகம். முழங்கால் உள்நோக்கி மடியாமல் தரையிறங்கக் கற்றுக்கொடுத்தாலே இந்த ஆபத்து பெரிதும் குறையும்.

வளரும் வயதின் வலிகள்

திடீரென்று உயரம் கூடும் வயதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கலாம், குதிகால் வலிக்கலாம். எலும்பு வளரும் இடத்தில் தசைநார் திரும்பத் திரும்ப இழுப்பதால் வருகிற வலி இது. பயிற்சியைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடுவது தவறு.

ஒரு பிள்ளை வாரத்தில் முறையான பயிற்சி செய்யும் மணி நேரம் அதன் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு. பத்து வயதுப் பிள்ளைக்கு வாரம் பத்து மணி நேரமே உச்சம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும்.

கணுக்கால் பிசகினால் எண்ணெய் தேய்த்து நீவிவிடும் வழக்கம் நம்மிடம் இன்னும் உள்ளது. வீக்கமும் இரத்தக்கசிவும் அதனால் கூடும். எலும்பு முறிந்திருந்தால் நிலைமை மோசமாகும். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலை உயர்த்தி வையுங்கள். நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே அவசியம்.

தலையில் அடிபட்டால்

பந்தைத் தலையால் முட்டுவது சிறுவர்களுக்கு அவசரமில்லை. அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 2015-இல் பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் தலையால் முட்டுவதை விலக்கியது. இங்கிலாந்தில் 2020 முதல் தொடக்கப் பள்ளி வயதினருக்குப் பயிற்சியில் ஹெட்டிங் கிடையாது. நம் முகாம்களும் இதைப் பின்பற்றலாம்.

இருவர் தலை மோதிக்கொண்ட பின் குழப்பம், வாந்தி, பார்வை மங்கல், மறதி தெரிந்தால் உடனே வெளியேற்றி மருத்துவரிடம் காட்டுங்கள். அன்று மீண்டும் ஆடவே கூடாது. இதயத்தையும் கவனியுங்கள். ஓடும்போது மயங்கி விழுவதோ நெஞ்சு வலிப்பதோ இருந்தால், அல்லது குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்திருந்தால், இதயப் பரிசோதனை செய்த பிறகே சேர்க்க வேண்டும். 2021 யூரோ போட்டியில் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று சரிந்த டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் பிழைத்தது, உடனே கிடைத்த சிபிஆர் (நெஞ்சை அழுத்தித் தரும் உயிர்காக்கும் முதலுதவி), மின்அதிர்ச்சிச் சிகிச்சைகளால்தான். பயிற்சியாளர் ஒவ்வொருவருக்கும் சிபிஆர் தெரிந்திருக்க வேண்டும்.

சாப்பாடும் தூக்கமும்

வெறும் வயிற்றோடு மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். கிளம்புமுன் வாழைப்பழமோ இரண்டு இட்லியோ போதும். பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் முட்டை, சுண்டல், பொங்கல், கேழ்வரகுக் கூழ் என மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்த உணவு தேவை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உள்ளது. ஓடினால் சீக்கிரமே களைத்துப்போகும் பெண்ணைச் சோம்பேறி என்று திட்டாமல் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். 12 வயதுவரை 9 மணி நேரமும், அதற்கு மேல் 8 மணி நேரமும் குறைந்தபட்சத் தூக்கம் தேவை.

சேர்ப்பதற்கு முன் கேளுங்கள்

• பயிற்சி எத்தனை மணிக்கு முடியும்? நிழலும் குடிநீரும் கழிப்பறையும் உண்டா?
• முதலுதவிப் பெட்டியும் ஐஸும் இருக்குமா? சிபிஆர் தெரிந்தவர் யார்?
• வயதுக்கேற்ற பந்து தருகிறார்களா? 8 முதல் 12 வயதுக்கு 4-ஆம் எண் பந்து போதும்.
• ஷின் கார்டு கட்டாயமா? கோல் கம்பங்கள் சாயாதபடி தரையில் பொருத்தப்பட்டுள்ளனவா?
• பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளரோ பொறுப்பாளரோ உண்டா?

இவற்றைக் கேட்கத் தயங்காதீர்கள். நல்ல முகாம் நடத்துபவர்கள் இந்தக் கேள்விகளை வரவேற்பார்கள். ஒரு கோடையில் யாரும் பெரிய வீரராகிவிடுவதில்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது காயமில்லாமல், விளையாட்டின் மேல் ஆசை குறையாமல் பிள்ளை மைதானத்துக்குத் திரும்பினால், அந்த முகாம் வெற்றி பெற்றது என்று பொருள். அதற்கு முதல் வாரத்தில் நிதானமாகத் தொடங்குங்கள்.