ராஜா மகன்னு எப்படி நிரூபிப்பது? நார்வேயை 110 ஆண்டுகள் ஆட்டிப்படைத்த வாரிசுச் சண்டை

அப்பா ராஜா. அவருக்குப் பிறகு யார்? இந்த ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாததால், நார்வேயில் 1130 முதல் 1240 வரை விட்டு விட்டு உள்நாட்டுப் போர் நடந்தது.

சிக்கல் எங்கே?

அன்றைய நார்வே வழக்கப்படி, மூத்த மகனுக்குத்தான் அரியணை என்று கிடையாது. ராஜாவின் எல்லா மகன்களுக்கும் சம உரிமை. தாய் மனைவியா, இல்லையா என்பதெல்லாம் கணக்கே இல்லை. மக்கள் கூடும் ‘திங்’ சபை ஒருவரை ஏற்றுக்கொண்டால் அவர் ராஜா. இன்னொரு சபை வேறொருவரை ஏற்றுக்கொண்டால்? அவரும் ராஜாதான்!

‘நானும் ராஜா மகன்’

ராஜா சிகூர்ட் ஆட்சியில் ஹரால்ட் கில்லே என்பவர் கடல் கடந்து வந்தார். தானும் முந்தைய ராஜாவின் மகன், அதாவது சிகூர்டின் தம்பி என்றார். டிஎன்ஏ டெஸ்ட் எல்லாம் இல்லாத காலம். பழுக்கக் காய்ச்சிய கலப்பைக் கொழுக்கள் மீது நடந்து காட்டித் தன் பிறப்பை ‘நிரூபித்தார்’. ஆனால் சிகூர்டும் அவர் மகன் மாக்னஸும் உயிரோடு இருக்கும்வரை அரியணை கேட்கமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

1130-ல் சிகூர்ட் இறந்ததும் சத்தியம் காற்றில் போச்சு. இருவரும் ராஜாக்கள் ஆனார்கள். நான்கே ஆண்டுகளில் போர். 1135-ல் பிடிபட்ட மாக்னஸின் கண்களைப் பறித்து, ஒரு காலை வெட்டி, மடத்துக்கு அனுப்பினார்கள். உடல் ஊனமானால் மறுபடி ராஜாவாக முடியாது என்ற கணக்கு. அடுத்த ஆண்டே ஹரால்டும் கொல்லப்பட்டார். கொன்றவர் சிகூர்ட் ஸ்லெம்பே. அவர் சொன்னதும் அதேதான்: ‘நானும் ராஜா மகன்’.

சட்டம் வந்தும் ஏன் தீரவில்லை?

1163-ல் திருச்சபை ஆதரவுடன் புதுச் சட்டம் வந்தது. முறைப்படி பிறந்த மூத்த மகனுக்கு முன்னுரிமை. ஆனால் அப்போது முடிசூட்டப்பட்ட சிறுவன் மாக்னஸ் எர்லிங்சனே ராஜாவின் மகன் இல்லை. மகள் வயிற்றுப் பேரன். எதிர்ப்பாளர்களுக்கு இது போதாதா? ஃபாரோ தீவுகளில் வளர்ந்த ஸ்வெர்ரே, தான் ராஜா மகன் என்று கிளம்பினார். அவர் படை ‘பிர்க்கெபெய்னர்’. காலில் பிர்ச் மரப்பட்டை சுற்றிய ஏழைகள் என்று எதிரிகள் வைத்த கேலிப் பெயர் அது. 1184-ல் ஃபிம்ரெய்ட்டே போரில் மாக்னஸைக் கொன்று ஸ்வெர்ரே ஜெயித்தார்.

எப்படி முடிந்தது?

ஸ்வெர்ரேயின் பேரன் ஹோகோன், 1217-ல் 13 வயதில் ராஜாவானார். சந்தேகம் அவரையும் விடவில்லை. அவருடைய அம்மா இங்கா, 1218-ல் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தி மகனின் பிறப்பை நிரூபித்தார். கடைசிப் போட்டியாளர் ஸ்கூலே 1240-ல் கொல்லப்பட, சண்டை ஓய்ந்தது. 1260-ல் சட்டம் தெளிவானது: முறைப்படி பிறந்த மூத்த மகனே ராஜா.

குழந்தை ஹோகோனைக் காப்பாற்ற, 1206-ல் பிர்க்கெபெய்னர் வீரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு பனிமலையைக் கடந்தார்கள். அந்த நினைவாக 1932 முதல் நார்வேயில் பனிச்சறுக்குப் போட்டி நடக்கிறது. போட்டியாளர்கள் முதுகில் 3.5 கிலோ சுமந்து செல்வது இதன் மரபு. அந்தக் குழந்தையின் கணக்கில்!