திருத்தக் கொடுப்பதற்கு முன்

என் உம்மும்மாவுக்கு நிறையக் கவிகள் தெரியும். வயல் வேலையில் பாடியவை, தொட்டிலடியில் பாடியவை, பெண்கள் கூடியிருந்து பாய் இழைக்கும்போது பாடியவை என்று அவர் நினைவில் ஒரு பெட்டகமே இருந்தது. கடந்த நோன்புப் பெருநாள் விடுமுறையில் அவரைப் பாடச் சொல்லி என் தொலைபேசியில் பதிவு செய்தேன். மொத்தம் பதினொரு பதிவுகள். ஹஜ்ஜுப் பெருநாள் வருவதற்கு முன்னரே உம்மும்மா வபாத்தாகிவிட்டார்.

அதன்பின் சில வாரங்களில் என் தொலைபேசி சார்ஜ் ஏறாமல் போனது. காக்காவோடு கடைக்குப் போனேன். சார்ஜ் போடும் இடத்தை மாற்றிய பிறகும் தொலைபேசி அடிக்கடி நின்று நின்று எரிந்தது.

"தங்கச்சி, சொப்ட்வெயார் அடிச்சாத்தான் சரிவரும். உள்ளுக்க இருக்கிறதெல்லாம் அழிஞ்சிரும். பரவாயில்லையா?" என்று கடைக்காரர் கேட்டார்.

காக்கா என்னைப் பார்த்தார். "எல்லாம் கூகுள்ள ஏறியிருக்கும்தானே?"

"ஓம் காக்கா" என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக இன்றும் வருந்துகிறேன்.

கடைக்காரர் மீது எந்தப் பிழையும் இல்லை. அவர் கேட்டுவிட்டுத்தான் செய்தார். என் படங்களெல்லாம் கூகுள் போட்டோஸில் பத்திரமாக இருந்தன. ஆனால் கூகுள் போட்டோஸ் படங்களையும் வீடியோக்களையும் மட்டுமே சேமிக்கும். ஒலிப்பதிவுகளை அது எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு அது அன்றுவரை தெரியாது.

பிறகு ஏன் மீட்க முடியவில்லை என்று பலரிடம் கேட்டேன். இன்றைய தொலைபேசிகள் நம் தரவுகளைப் பூட்டிய நிலையிலேயே வைத்திருக்கின்றன. முழுவதும் அழித்துப் புதிதாக்கும்போது அந்தப் பூட்டின் திறப்பும் அழிந்துவிடுகிறது. பிறகு கெட்டிக்காரர் எவரானாலும் திறக்க இயலாது. களவு போனால் நம்மைக் காக்கும் அதே ஏற்பாடுதான், கவனமில்லாதபோது நம்மையும் வெளியே நிறுத்திவிடுகிறது.

ஆகவே, தொலைபேசியைக் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றை நான் கற்றுக்கொண்ட வரிசையில் சொல்கிறேன்.

முதலாவது, எது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். படங்கள், தொடர்பு இலக்கங்கள், வட்ஸ்அப் உரையாடல்கள், ஒலிப்பதிவுகள், பாடக் குறிப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் சேமிக்கப்படுவதில்லை. அன்ட்ரொய்ட் தொலைபேசியில் வட்ஸ்அப் தன் சேமிப்பைக் கூகுள் கணக்கில் வைக்கும். ஆனால் அதை நாம் இயக்கியிருக்க வேண்டும். கடைசியாக எந்தத் திகதியில் சேமிக்கப்பட்டது என்பதை வட்ஸ்அப் செட்டிங்ஸிலேயே பார்க்கலாம். வீடியோக்களைச் சேர்ப்பதற்குத் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அப்பிளின் ஐகிளவுட் தருவது 5 ஜிபி. இடம் நிறைந்துவிட்டால் சேமிப்பு நின்றுவிடும்.

இரண்டாவது, இணையத்தை மட்டும் நம்பாமல் ஒரு கணினிக்கோ பென் டிரைவுக்கோ பிரதி எடுங்கள். தொலைபேசியைக் கேபிளால் கணினியில் இணைத்து, கோப்புகளை அனுப்பும் தெரிவை அழுத்தினால் போதும். டேட்டா செலவும் இல்லை. திரை தொடுகைக்கு வேலை செய்யாமல் படம் மட்டும் தெரிந்தால், பல தொலைபேசிகளில் ஓடிஜி இணைப்பான் மூலம் ஒரு மவுஸைப் பொருத்தி வேலையை முடிக்கலாம்.

மூன்றாவது, எடுத்த பிரதியை வேறொரு கருவியில் திறந்து பாருங்கள். ஒரு படம், ஒரு ஒலிப்பதிவு, ஓர் ஆவணம் என்று ஒவ்வொரு வகையிலும் ஒன்றையாவது திறந்து பார்க்க வேண்டும். நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

நான்காவது, சிம் அட்டையையும் மெமரி கார்டையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். வங்கி அனுப்பும் இரகசிய இலக்கங்கள் அந்த சிம்முக்குத்தான் வருகின்றன.

ஐந்தாவது, பிரதி எடுத்த பிறகு நீங்களே தொலைபேசியை ரீசெட் செய்து கொடுங்கள். அதற்கு முன் கூகுள் கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். பிறகு தொலைபேசி அதைக் கேட்கும். ரீசெட் செய்ய விருப்பமில்லையென்றால், சாம்சுங்கின் புதிய தொலைபேசிகள் பலவற்றில் பராமரிப்பு நிலை என்றொரு வசதி உண்டு. அதை இயக்கினால் திருத்துபவர் தொலைபேசியைப் பரிசோதிக்கலாம், உங்கள் படங்களையும் செய்திகளையும் பார்க்க இயலாது. ஆனால் அது மறைக்குமே தவிர, பிரதி எடுக்காது. தொலைபேசி எரியவே இல்லையென்றால், உங்கள் கண் முன்னால் திருத்தித் தரக் கேளுங்கள். பட்டரி மாற்றுவதற்கும் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்ப்பதற்கும் பொதுவாக உங்கள் பூட்டு இலக்கம் தேவைப்படாது.

இந்த ஐந்தாவது விடயம் பெண் பிள்ளைகளாகிய நமக்கு மிக முக்கியமானது. கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில மடிக்கணினிகளைத் திருத்தும் கடைகளில் கொடுத்து, உள்ளே என்ன நடந்தது என்பதை இரகசியமாகப் பதிவு செய்தார்கள். ஆறு இடங்களில் தனிப்பட்ட கோப்புகள் திறந்து பார்க்கப்பட்டிருந்தன. இரண்டு இடங்களில் அவை பிரதி எடுக்கப்பட்டும் இருந்தன. பெண்ணுடையதாகத் தோன்றிய கணினிகளே அதிகம் அகப்பட்டன. எல்லாக் கடைக்காரரும் அப்படிப்பட்டவரல்லர். ஆனாலும் நம் தொலைபேசியில் இருப்பவை நம்முடைய படங்கள் மட்டுமல்லவே. ராத்தாவின் கல்யாண வீட்டில் தலை மறைக்காமல் நின்ற தோழியரின் படங்களும் அதில் இருக்கின்றன. அவர்கள் நம்மை நம்பி நின்றார்கள். அது அமானிதம். அதைத் திறந்தபடி இன்னொருவர் கையில் கொடுக்க நமக்கு உரிமையில்லை.

பதினொரு பதிவுகளில் மூன்று எனக்குத் திரும்பக் கிடைத்தன. பாடிய அன்றே சந்தோசத்தில் அவற்றைக் கத்தாரில் இருக்கும் சாச்சிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். சாச்சி அவற்றை அழிக்காமல் வைத்திருந்தார். இரண்டு இடத்தில் இருந்தவை தப்பின, ஓரிடத்தில் மட்டும் இருந்தவை போயின.

இது ஒன்றும் புதிய பாடமில்லை. யமாமா யுத்தத்தில் ஹாபிழ்கள் பலர் ஷஹீதானபோது, அபூபக்கர் (ரழி) அவர்களின் காலத்தில் அல்குர்ஆன் ஒன்றுதிரட்டப்பட்டது. உஸ்மான் (ரழி) அவர்களின் காலத்தில் அதன் பிரதிகள் பல நகரங்களுக்கும் அனுப்பப்பட்டன. நெஞ்சிலும் இருக்க வேண்டும், ஏட்டிலும் இருக்க வேண்டும், ஓர் ஊரில் மட்டும் இருந்துவிடக் கூடாது என்று நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

அந்த மூன்று கவிகளும் இப்போது வீட்டுக் கணினியில் இருக்கின்றன, அலுமாரியில் உள்ள பென் டிரைவில் இருக்கின்றன, சாச்சியிடமும் இருக்கின்றன. கொப்பியில் எழுதியும் வைத்திருக்கிறேன். மற்ற எட்டில் எனக்கும் உம்மாவுக்கும் நினைவில் நிற்பவை சில அடிகள்தான்.

உங்கள் தொலைபேசி இன்று நன்றாக இருக்கலாம். அது நன்றாக இருக்கும்போதே பிரதி எடுப்பதுதான் இலகு. இன்றிரவு மஃரிபுக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒதுக்கி, இழந்தால் திரும்பக் கிடைக்காத ஒன்று அதில் எங்கே இருக்கிறதென்று தேடிப் பாருங்கள்.