செல்பேசியின் பாட்டரியும் என் பழைய பாடமும்



தென்காசியில் எங்கள் தெருவில் முதிய அம்மையார் ஒருவர் தனியே வசிக்கிறார். அவருடைய ஒரே மகன் வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறான். புதுச் செல்பேசி வந்த அன்று, அதற்குச் சார்ஜ் ஏற்றும் முறையை அம்மையார் என்னிடம் கேட்டார். "அடியோடு தீர்ந்த பின்பே ஏற்றுங்கள் அம்மா, நூறு தொடும் வரை எடுக்காதீர்கள்" என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். பல்லாண்டு பாடம் சொல்லிப் பழகிய நாவல்லவா! அவரும் அதனை வேதவாக்காகக் கொண்டார். சென்ற சாரற்பருவத்தில் ஒருநாள், தீரட்டும் என்று அவர் காத்திருக்க, கருவி அணைந்தது. அந்நேரம் பார்த்து மின்சாரமும் நின்றது. இரவெல்லாம் அழைத்துப் பார்த்த மகன், விடியற்காலையில் பதறிப்போய் என்னை அழைத்தான். அதன் பின்னரே என் பாடத்தைச் சோதிக்கத் தலைப்பட்டேன்.

அது முற்றும் பொய்யன்று. வேறொரு பாட்டரிக்கு உரியது. பழைய நிக்கல்-காட்மியம் பாட்டரியைப் பாதி செலவான நிலையிலேயே மீண்டும் மீண்டும் ஏற்றிவந்தால், சில வேளைகளில் அந்தப் பாதியையே தன் முழு அளவென நினைவிற் கொண்டதுபோல் நடந்துகொள்ளும். ஆதலின் அதனை அவ்வப்போது முற்றும் தீர்ப்பது வழக்கமாயிற்று. 1991-இல் ஸோனி நிறுவனம் லித்தியம்-அயனி பாட்டரியைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அதற்கு வழிவகுத்த குடினஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவரும் 2019-இல் நோபல் பரிசு பெற்றனர். தென்காசி தனி மாவட்டமானதும் அவ்வாண்டே. பாட்டரி மாறிற்று, நம் வழக்கம் மாறவில்லை.

இப்புதிய பாட்டரியில், லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து பெயர்ந்து மறுமுனையிலுள்ள கிராஃபைட் ஏடுகளினிடையே புகுந்து தங்குவதே மின்னேற்றம். பயன்படுத்துகையில் அவை திரும்பிவிடுகின்றன. முழுதும் நிரம்பிய நிலையில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெப்பமும் சேர்ந்தால் வேண்டாத வேதிவினைகள் விரைந்து நடந்து, சிறிது லித்தியம் மீளாதபடி சிறைப்பட்டுப்போகிறது. பாட்டரி மூப்படைவது பெரும்பாலும் இவ்வாறே. பாதியளவை இருமுறை ஏற்றுவது ஒரு முழுச் சுற்றாகவே கணக்கு. ஆகவே 30 இருக்கையிலும் ஏற்றலாம், 50 இருக்கையிலும் ஏற்றலாம். 80 அளவில் நிறுத்தினால் ஆயுள் கூடும்.

இரவெல்லாம் இணைத்து வைத்தால் வெடித்துவிடும் என்பது மிகை. நிரம்பியதும் உள்ளிருக்கும் மின்சுற்று ஏற்றத்தை நிறுத்திவிடும். ஆயின் தலையணைக்கடியில் வைத்து ஏற்றுவது தவறு. சூடு வெளியேற வழியில்லை. உப்பிய பாட்டரியை ஏற்றவே கூடாது.

குற்றாலத்து அருவிக்கரையில் நனைந்த செல்பேசியை அரிசிக்குள் புதைப்பாரும் உளர். அரிசித் துகள் துளைக்குள் புகுவதுதான் மிச்சம். காற்றோட்டத்தில் நன்கு உலரவிட்டு, அதன் பின்னரே கம்பியைச் செருகவேண்டும்.

இவற்றையெல்லாம் அம்மையாரிடம் சென்று சொன்னேன். "அன்றைக்கும் இப்படித்தானே ஐயா உறுதியாகச் சொன்னீர்கள்?" என்றார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை. இப்பொழுது அவர் காலையில் காப்பி போடும் நேரத்தில் சிறிது ஏற்றிக்கொள்கிறார்.