உங்களுக்குத் தெரியுமா? தீனியோடு போகும் தடுப்பு மருந்து

தாசேக் கெலுகோர் போன்ற செபராங் பிறைக் கம்பங்களில் வீட்டோடு நாலைந்து கோழி வளர்ப்பவர்களுக்குப் பெரிய பயம் வெள்ளைக்கழிச்சல். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூச்சு இழுக்கும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்ட இந்த நோயின் வைரஸைக் கொல்லும் மருந்து இன்றும் கிடையாது.

தடுப்பூசி உண்டு. ஆனால் பகலெல்லாம் மேய்ந்து இரவில் மரமேறும் கம்பத்துக் கோழியை யார் பிடிப்பது? 1980களில் மலேசிய விவசாயப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியரோடு சேர்ந்து வழி கண்டார்கள். குவீன்ஸ்லாந்தில் கிடைத்த, இதே வைரஸின் நோய் தராத ‘வி4’ ரகத்தில் வெப்பம் தாங்கும் வகையைத் தேர்ந்தெடுத்துத் தீவனத்தில் பூசிக் கொடுத்தார்கள். கெட்டிக்கார யோசனைதான்: தின்ற கோழியிடமிருந்து தின்னாத கோழிக்கும் அது பரவும்!

நோய் வந்துவிட்டால் தனிக்கூண்டு, கதகதப்பு, சுத்தமான தண்ணீர். கழுத்து முறுக்கிய கோழியால் கொத்த முடியாது, ஊட்டத்தான் வேண்டும். நல்ல கோழிகளைக் கவனித்த பிறகே நோயாளியிடம் போங்கள். தொட்ட கையால் கண்ணைக் கசக்காதீர்கள், நமக்கும் கண் சிவக்கும். திடீரென்று பல கோழிகள் செத்தால் கைவைத்தியம் வேண்டாம். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். கால்நடைச் சேவைத் துறைக்கு உடனே சொல்லிவிடுங்கள்.