உங்களுக்குத் தெரியுமா? நிழலே குளிரூட்டும் மீக்கடத்தி!

ஹைதராபாத்தின் அணு எரிபொருள் வளாகம் மீக்கடத்திக் கருவிகளுக்கான உயர்தூய்மை நியோபியத்தைத் தயாரிக்கிறது. நியோபியம் மின்தடையை முற்றிலும் இழந்து மீக்கடத்தியாக மாற, மைனஸ் 264 டிகிரி செல்சியஸ் வரை குளிர வேண்டும். திரவ ஹீலியம் இல்லாமல் அது கடினம். 1987-இல் கண்டறியப்பட்ட இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடு என்ற உயர்வெப்பநிலை மீக்கடத்திக்கோ மைனஸ் 180 டிகிரியே போதும்!

விண்வெளியில் இது பெரும் வரம். சூரியக் கவசத்தின் நிழலில் இருக்கும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் கண்ணாடிகள் தாமாகவே மைனஸ் 220 டிகிரிக்கும் கீழே குளிர்ந்துவிடுகின்றன. அத்தகைய நிழலில் இந்த மீக்கடத்தி திரவ நைட்ரஜன்கூட இல்லாமல் இயங்கும்.

இத்தகைய மீக்கடத்திக் கருவிகளை அமெரிக்காவின் ஆர்கோஸ் செயற்கைக்கோள் 1999-இல் சுமந்து சென்றது. துல்லியமான ரேடியோ வடிகட்டிகள், விண்வெளி வீரர்களைக் கதிர்வீச்சிலிருந்து காக்கும் காந்தக் கவசம் என இவற்றால் கிடைக்கக்கூடிய பயன்கள் பல.