ஜப்பான்ல 1988, இந்தியாவுல 1995: வீடியோ கேம் லேட்டா வந்த கணக்கு

"எங்க காலத்துல கேசட் போட்டு டிவில கேம் ஆடுவோம்"னு உங்க ஆபீஸ் சீனியர் யாராவது சொல்லியிருப்பாங்க. அவர் ஆசையா ஆடின பல கேம்கள், ஜப்பான்காரங்க பல வருஷம் முன்னாடியே காசு போட்டு ஆடி முடிச்சவை. ஏன் இவ்வளவு தாமதம்? மெஷின் செய்யத் தெரியாததால மட்டும் இல்லை. உரிமம், வரின்னு ரெண்டு கணக்கு இருக்கு.

முதல்ல உரிமம். நிண்டெண்டோவின் 'டாங்கி காங்' 1981ல ஆர்கேட் மெஷினா வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டு போகும் உரிமையை நிண்டெண்டோ பிரிச்சுக் கொடுத்தது: கேம் கன்சோல்களுக்கு கொலிகோ, கம்ப்யூட்டர்களுக்கு அடாரி. கொலிகோவிஷன் வாங்கினவங்களுக்கு 1982லயே கேம் கிடைச்சது. பிரிட்டன்ல பிரபலமா இருந்த ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்கு அதிகாரபூர்வமா வந்தது 1986ல! ஒரே கேம், உரிமை யார் கையில்ங்கிறதை வெச்சு தேதி மாறுது.

அடுத்து வரி. இதுதான் நம்ம கதை. சேகா கம்பெனி தன்னோட ஆர்கேட் மெஷின் தொழில்நுட்பத்தை வெச்சே செஞ்ச வீட்டு கன்சோல் 'மெகா டிரைவ்'. ஜப்பானில் அக்டோபர் 1988. இந்தியாவில் ஷா வாலஸ் மூலமா ஏப்ரல் 1995. விலை ₹18,000. அப்போ இறக்குமதி வரி 80 சதவீதம். அதைச் சமாளிக்கத்தான் இந்த ஒப்பந்தமே. அமெரிக்காவில் 1989ல அதோட விலை 189 டாலர். 1995ல டாலர் சுமார் ₹31, அதாவது ₹6,000க்குப் பக்கம். நாம கொடுத்தது மூணு மடங்கு. அதுவும் பிளேஸ்டேஷன் ஜப்பானில் டிசம்பர் 1994லயே வந்தாச்சு. முந்தின தலைமுறை மெஷினுக்குப் புது மெஷின் விலை!

80 சதவீதமாவது பரவாயில்லை. 1991 சீர்திருத்தத்துக்கு முன்னாடி உச்சபட்ச சுங்க வரி 300 சதவீதத்துக்கும் மேல. அந்நியச் செலாவணியும் தட்டுப்பாடு. அதனாலதான் பெரும்பாலான வீடுகளுக்கு முதல்ல வந்தது ஒரிஜினல் இல்லை, மலிவான காப்பி மெஷின்கள்.

புளியங்குடி எலுமிச்சை கோயம்பேடு போய்ச் சேரும்போது லாரி வாடகை, கமிஷன், கூலி எல்லாம் ஏறிடும் இல்லையா? அதே மாதிரிதான் இறக்குமதிப் பொருளும். துறைமுகத்தில் ₹10,000 மதிப்புள்ள மெஷினுக்கு சுங்க வரி 20 சதவீதம்னு வெச்சுக்குவோம்: ₹2,000. அந்த வரி மேல 10 சதவீதம் சமூகநல சர்சார்ஜ்: ₹200. மொத்தம் ₹12,200 மேல ஜிஎஸ்டி 18 சதவீதம்னா ₹2,196. ஆகமொத்தம் ₹14,396. வரிக்கு மேல வரி ஏறுவதைக் கவனிங்க. கடைக்காரர் லாபம் இன்னும் சேரலை.

சரி, இது இன்னிக்கு உங்களுக்கு எதுக்கு? பிளேஸ்டேஷன் 5 அமெரிக்காவில் 12 நவம்பர் 2020ல வந்தது. இங்கே 2 பிப்ரவரி 2021, ₹49,990. அந்த இடைவெளியில் அவசரப்பட்டு கிரே மார்க்கெட்டில் வாங்குறவங்க கொடுப்பது பொருளுக்கான விலை மட்டும் இல்லை, அவசரத்துக்கான விலையும்தான்.

அதனால எந்த கேட்ஜெட் வாங்கும் முன்னாடியும் மூணு கேள்வி கேளுங்க:

1. ஜிஎஸ்டி பில்லும் இந்தியாவில் செல்லுபடியாகும் வாரண்டியும் கிடைக்குமா?

2. அடுத்த மாடல் வேற நாட்டில் ஏற்கனவே வந்தாச்சா?

3. 'நோ காஸ்ட் இஎம்ஐ'ன்னா ப்ராசஸிங் கட்டணமும், வட்டித் தொகை மேல 18 சதவீத ஜிஎஸ்டியும் எவ்வளவு? கார்டு ஸ்டேட்மெண்ட்டைப் பாருங்க, தெரியும்.

1995ல ₹18,000 கொடுத்தவங்களுக்கு ரெண்டாவது கேள்விக்குப் பதில் தேட வழி ரொம்பக் கம்மி. உங்க கையில் போன் இருக்கு. பத்து நிமிஷம் தேடிப் பார்த்துட்டு கார்டைத் தேயுங்க.